கேட்டதாகத் தலையாட்டியவள்

தனக்குக் காது மந்தம் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது என்றுதான் ராக்னில்ட் நினைத்துக்கொண்டிருந்தாள். மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில், தகர மூடி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே அவள் இளமை கழிந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்கு வருபவளை மற்றப் பெண்கள், "மகாராணி வந்துட்டாங்க!" என்று கேலி செய்வார்கள். ராக்னில்டும் சேர்ந்து சிரித்தவள்தான். ஓய்வு பெற்றதோடு இயந்திரம் விட்டது, இரைச்சல் விடவில்லை. தண்ணீர் கொதிக்கும் கெண்டியைப் போல எந்நேரமும் காதுக்குள் ஒரு சீழ்க்கை. அடுப்பை அணைக்க எழுந்து போய், பற்றவைக்காத அடுப்பைப் பார்த்துத் திரும்பியதும் உண்டு.

எழுபது தாண்டியதும் கண்ணும் கைவிட்டது. பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. ஓரங்கள் தெரியும், எதிரே நிற்பவருக்கு மட்டும் கழுத்துக்கு மேல் முகமே இருக்காது. அதுவரை உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை ஒப்பேற்றி வந்தவளுக்கு அந்த வழியும் அடைபட்டது. எதிராளியின் குரல் ஏறினால் "அப்படியா!" என்பாள், இறங்கினால் "பாரேன்" என்று தலையாட்டுவாள். மருத்துவர் கொடுத்த காதுக் கருவி இழுப்பறையில் கிடந்தது. கிழவி என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதா?

அக்டோபரில் ஒரு காலை, மளிகைக் கடையின் காப்பி மூலையில் சுன்னிவா எதிரே வந்து உட்கார்ந்தாள். தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்ற தோழி. ஏதோ சொன்னாள். காப்பி அரைக்கும் சத்தத்தில் ராக்னில்டுக்குக் கடைசி வார்த்தைகள்தான் எட்டின: "ஹல்வார் போயிட்டாருடி."

ஹல்வார் சுன்னிவாவின் கணவர். இலையுதிர்காலம் வந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மலைக்குடிலுக்குப் போய் வாரக்கணக்கில் கிடப்பவர்.

"நல்லதாப் போச்சு போ! இனி வீட்டுல சத்தம் இருக்காது. நீயும் காலை நீட்டி நிம்மதியா உக்காரலாம்" என்று ராக்னில்ட் வாய்விட்டுச் சிரித்தாள்.

சுன்னிவாவின் சிவப்புக் கோட்டு பார்வையின் ஓரத்தில் நகர்ந்து மறைந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று ராக்னில்ட் தன் வாஃபிள் அப்பத்தைத் தின்று முடித்தாள்.

சாயங்காலம் நாத்தனார் குரோ வந்து அவள் காதருகே குனிந்து கத்தினாள்.

"அண்ணி, சுன்னிவாகிட்ட என்ன சொன்னீங்க? ஊரே பேசுது!"

"என்ன சொன்னேன்? அவர் மலைக்குப் போயிருக்காருன்னா…"

"மலைக்கா? தூக்கத்துலயே செத்துப் போயிட்டாரு அண்ணி!"

ராக்னில்டின் உடம்பு கூசிச் சுருங்கியது. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும், அந்தச் சிரிப்பும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. அடக்கத்துக்குப் போகவில்லை, சளி என்று சொல்லி அனுப்பினாள். தேவாலய மணி அடித்ததா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு சீழ்க்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பரில் ஒரு நாள், அதற்கு மேல் பொறுக்க முடியாமல் சுன்னிவா வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறந்ததும், நின்ற உருவத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "எனக்குக் காது கேக்கலடி. மலைக்குப் போயிட்டார்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சுடு."

உருவம் உரக்கச் சொன்னது: "நான் ஹல்வாரோட தங்கச்சிங்க. சுன்னிவா அண்ணி உள்ள இருக்காங்க."

பூமி பிளந்திருந்தால் ராக்னில்ட் உள்ளே போயிருப்பாள். அதற்குள் சுன்னிவா வந்து அவளைக் கூடத்தில் உட்காரவைத்தாள்.

"காது கேக்கலன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்று சுன்னிவா உரக்கக் கேட்டாள்.

"வெட்கமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ அதைவிட."

சுன்னிவா குனிந்து எதையோ முணுமுணுத்தாள். ராக்னில்டின் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. அவள் அதை நிறுத்திக்கொண்டு, "கேக்கல" என்றாள். மறுபடி முணுமுணுப்பு. "இன்னும் கேக்கலடி."

சுன்னிவா ஒருமுறை, ஹல்வாரின் தங்கை இருந்த சமையலறைப் பக்கம் திரும்பினாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, ராக்னில்டின் கையைப் பிடித்துத் தூறலில் படகுத்துறை வரை இழுத்துப் போனாள். அங்கே அவள் காதில் வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னாள்:

"அவர் எப்பப் பாத்தாலும் கத்துவாரு. செத்த மறுநாள் வீடு அமைதியா இருந்துச்சு, எனக்கு நல்லா இருந்துச்சுடி! அதை நீ கண்டுபிடிச்சுட்டியேன்னுதான் உன் மேல அவ்வளவு கோவம். அவர் தங்கச்சி முன்னாடி இதை எப்படிச் சொல்றது?"

ராக்னில்டுக்கு எல்லாம் கேட்டது. சுன்னிவா அழுகிறாளா என்று பார்க்க அவளால் முடியவில்லை; கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள். ஈரமாக இருந்தது, மழையாகவும் இருக்கலாம்.

"அழறியாடி?" என்று கேட்டாள்.

"ஆமா" என்று சுன்னிவா கத்தினாள்.

அடுத்த வாரம் ராக்னில்ட் கருவியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சீழ்க்கை குறையவில்லை. காசாளர் குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னபோது முகம் எரிந்தது. இருந்தாலும், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.