பூனையின் அக்கா

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ஜன்னல் இல்லாத அறை. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை நல்லா இழுங்க, அடக்குங்க, ம், விடலாம்" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். "வீட்டுல குக்கர்கிட்டயும் இதையேதான் சொல்றா" என்று அவளுடைய தம்பி ஊரெல்லாம் கேலி பேசித் திரிவான்.

கல்யாணம் என்று ஒன்று நடந்து, ஒத்துவராமல் முடிந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். பின்பக்கம் கையகல இடம்: துவைக்கிற கல், ஒரு கொய்யா மரம், மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய். வேலை முடிந்து வந்ததும் டீ டம்ளரோடு பின்வாசல் படியில் உட்காருவாள். அந்தச் சொட்டுத் தண்ணீருக்கு மைனா வரும், கொண்டைக்குருவி வரும், தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து சந்தைக்கடை போலக் கத்திவிட்டுப் போகும். பார்த்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். அதற்காகத்தான் 'பின்வாசல்' என்று ஒரு பிளாக் ஆரம்பித்தாள். பெயருக்குக் கீழே, "கொஞ்சம் பறவை, மிச்சமெல்லாம் வம்பு" என்று போட்டிருந்தாள்.

சொன்னபடியேதான் எழுதினாள். மைனா குளிப்பதில் தொடங்குவாள். அங்கிருந்து குழாயை மாற்றித் தராத வீட்டுக்காரருக்குத் தாவி, அவர் போட்டிருக்கும் செண்ட், அந்த வாசனைக்கு மூடிக்கொள்ளும் தன் மூக்கு, மூக்கைப் பற்றி அம்மா சொன்னது என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசி வரியில் "ஆங், மைனா பறந்துபோச்சு" என்று முடிப்பாள். படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அத்தனை பேரும் விடாமல் படித்தார்கள்.

அதில் ஒருவர் 'பூனை' என்ற பெயரில் பின்னூட்டம் போடுவார். "இந்தக் குருவியை வறுத்தால் நன்றாக இருக்குமா, குழம்பு வைத்தால் நன்றாக இருக்குமா?" என்று கேட்பார். பறவை என்றால் உயிரை விடும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், "பூனை அவர்களே, நாகரிகம் தேவை" என்று பக்கம் பக்கமாகப் பொங்குவார்.

பூனை வேறு யாருமில்லை, தம்பிதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன்.

"டேய், அந்த மனுஷருக்கு ரத்தக் கொதிப்புடா. ஏதாவது ஆயிடப்போவுது."

"பூனை வேற என்னக்கா கேக்கும்? வாழ்த்துப்பாவா பாடும்?"

மழைக்காலம் முடிந்தும் அவனுக்கு இருமல் விடவில்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், தூசி, புகை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருநாள் இருமலில் லேசாக ரத்தம் தெரிய, அவன் மனைவி பிடிவாதமாக மருத்துவமனைக்கு இழுத்து வந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சை ஒரு படம் எடுத்துவரச் சொல்லி அனுப்பினார்.

அவள் அறைக்குள் வந்தவன் சட்டையைக் கழற்றிவிட்டு, "மூச்சை இழுங்கன்னு சொல்லு பாப்போம், காசு குடுத்து வந்திருக்கேன்" என்றான். அவளும் சிரித்துக்கொண்டே அவன் தோள்களை முன்னால் தள்ளி, நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கவைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் போனாள். இழுங்க, அடக்குங்க என்றாள்.

படம் திரையில் வந்தது. வலது பக்கம், மேலே, வெள்ளையாகத் திரண்டிருந்தது.

இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறாள். நல்லதோ கெட்டதோ, எடுப்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். இத்தனை வருடமும் அது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அவள் முழுசாக ஒளிந்துகொண்டாள்.

"அக்கா, விடலாமா? மூச்சு முட்டுது."

விடலாம் என்று சொல்ல மறந்திருந்தாள்.

"என்ன இருக்கு?"

"டாக்டர் பாத்துச் சொல்லுவாரு. சட்டையப் போடு, ஏசி குளிரும்."

அன்று சாயந்திரம் படியில் உட்கார்ந்து, கை சும்மா இருக்க முடியாமல், தையல்சிட்டைப் பற்றி எழுதினாள். இலையை எப்படி மடிக்கிறது, நாரை எப்படிக் கோர்க்கிறது, குரல் எப்படி என்று வரிசையாக எழுதினாள். பறவையை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. வங்கி மேலாளர் மகிழ்ந்துபோய், "இதுவே உங்கள் ஆகச் சிறந்த பதிவு" என்று பாராட்டினார்.

கொஞ்ச நேரத்தில் தம்பி போன் செய்தான்.

"படிச்சேன்க்கா."

"ம்."

"முழுக்கத் தையல்சிட்டாவே இருக்கு. வீட்டுக்காரர் இல்ல, அம்மா இல்ல. ஒரு வம்பும் இல்ல."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"எனக்கென்னடா தெரியும், நான் படம் எடுக்கிறவதானே" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கத்துக்க வர்றவங்க வண்டிய எங்க கொண்டுபோனாலும் எனக்குப் பயமே கிடையாது. என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும்" என்றான். "இதுல இல்லையேக்கா."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அப்படிப்பட்ட வீடுகளில் நடப்பதுதான். ஊசி, மருந்து, முடி கொட்டியது, கொஞ்சம் தேறியது, மறுபடி இறங்கியது. மருத்துவமனைக்குப் பக்கம் என்று தம்பியும் மனைவியும் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். படம் எடுக்க வேண்டியபோதெல்லாம் வேறு ஆளை எடுக்கச் சொல்லிவிட்டு அவள் நடைபாதையில் நிற்பாள். எடுத்து முடித்தவர் வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார்.

தம்பி கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். "வம்பு எழுதுக்கா" என்று நச்சரிப்பான். அவளும் பிளாகைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவாள். எந்த வம்பைத் தொட்டாலும் அது சுற்றிச் சுற்றி அந்த நாற்காலியில் வந்து நின்றது. அழித்துவிட்டு, கொண்டைக்குருவிக்குக் கொண்டை கருப்பு என்று எழுதுவாள். "இது ஸ்கூல் புஸ்தகத்துலயே இருக்கே" என்பான் அவன்.

ஒரு மதியம், அவள் யாருடைய உடைந்த மணிக்கட்டையோ படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் அவன் போய்விட்டான். அவள் வந்து சேர்ந்தபோது அவன் மனைவி, "இப்பதான் தண்ணி கேட்டாரு அண்ணி, எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்று டம்ளரை நீட்டியபடியே நின்றாள். அவள் அதை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

தம்பி மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். போகச் சொல்ல இவளுக்கும் மனமில்லை, போக அவளுக்கும் கால் வரவில்லை. ஒரு நாள் காலை இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். சுவர்மேல் ஒரு வல்லூறு வந்து இறங்கியது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஒரு தடவையாவது வராதா என்று இவள் ஏங்கிய பறவை. சிவந்த கண், மார்பில் பழுப்புக் கோடுகள், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

"இது என்னது அண்ணி? பருந்தா?"

"வல்லூறு."

"போட்டோ எடுக்கலையா? எழுதுவீங்கல்ல?"

"எடுக்கணும்" என்றாள்.

கேமரா உள்ளே மேஜைமேல்தான் இருந்தது. நாலெட்டு வைத்தால் எடுத்துவிடலாம். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வல்லூறு தலையைத் திருப்பி அவர்கள் இருவரையும் பார்த்தது, இறக்கையை ஒருமுறை கோதிக்கொண்டது. பிறகு அதற்குத் தோன்றியபோது பறந்துபோனது.