பறவைக்கு இரண்டு நாள், புளிச்சோற்றுக்கு நாலு நாள்

பினாங்கில் நாங்கள் விளக்கேற்றும் நேரத்தில் சேரன்மகாதேவி வயல்களில் வெயில் இன்னும் இறங்கியிருக்காது. இங்கே மலைக்குப் பின்னால் மறைகிற சூரியன், கடலெல்லாம் தாண்டிப் போய்ப் பொதிகைக்குப் பின்னால் இன்னொரு தரம் மறையும். ஒரே நாளுக்கு இரண்டு அந்தி. இருபது வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தே சொந்த மளிகைக்கடை வைத்தேன். எத்தனை படித்தவன் செய்தான் இதை? ஆனால் என் பெருமையெல்லாம் என் பெஞ்சாதி சிவகாமியிடம் மட்டும் செல்லவில்லை. ஊருக்குப் போய் அழைத்தபோது சொல்லிவிட்டாள்:

“புளிச்சோறு ஊசிப்போறதுக்குள்ள சேருத ஊருன்னா வாரேன். அதுக்கு அங்கிட்டெல்லாம் மனுசரு போற தூரமா?”

எங்கள் பக்கத்துப் பெண்கள் பயணத்தைக் கட்டுச்சோற்றில்தான் அளப்பார்கள். தயிர்ச்சோறு ஒரு பொழுது, புளிச்சோறு நாலு நாள்.

திரும்பி வந்து, கப்பல் ஆபீசில் இருந்த சீனக் குமாஸ்தாவிடம் எங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று மலாயில் கேட்டேன். அவர் சுவரிலிருந்த தேசப்படத்தில் அளவுகோலை நேராக வைத்தார். கப்பல் சுற்றிப் போகுமாம். ‘பூரோங்’, அதாவது பறவை, நேரே பறந்தால் இரண்டு நாளாம்.

“எந்தப் பறவை? கொக்கா, காக்கையா?” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பறவைக்கு இரண்டு என்றால் கப்பலுக்கு இன்னும் இரண்டு என்று நானே கூட்டி, நாலு நாள் என்று கடிதம் எழுதினேன். நான் வந்தபோது பத்து நாளானது உண்மைதான். அது பழைய கப்பல் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன்.

சிவகாமி தன் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திறங்கினாள். பாதி ஆளாகியிருந்தாள். மைத்துனன் என் காதோடு சொன்னான்: “அத்தான், அஞ்சாம் நாளு சோத்தக் கடல்ல கொட்டிட்டா. அதுக்குப் பொறவு வெறும் அவலுதான்.”

“நாலு நாளுன்னு எழுதினியளே, யாருக்கு நாலு நாளு?” என்றாள் சிவகாமி.

“பறவைக்கு ரெண்டு நாளாம்ட்டி. நாந்தான் ரெண்டு கூட்டினேன்.”

“அப்பம் பறவையக் கெட்டியிருக்க வேண்டியதுதான?” என்றவள், தம்பி பக்கம் திரும்பினாள். “அடுத்த கப்பலு எப்பம்லே?”

எட்டு நாள் என்றான். அந்த எட்டு நாளும் அவள் மூட்டையை அவிழ்க்கவில்லை. எனக்குக் கடையில் கை ஓடவில்லை. எட்டாம் நாள் துறைமுகத்துக்கு மூவரும் போனோம். மைத்துனன் கப்பலுக்குப் போகிற படகில் ஏறினான். அவள் ஏறவில்லை. என் பின்னால் நடந்து வந்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் இரண்டு பாய் விரித்தாள். என் தலையணையைக் கிழக்கே வைத்தாள், தன்னுடையதை மேற்கே.

“ஏட்டி, என்ன இது?”

“சொந்த வீட்டுல கெழக்க தல வச்சிப் படுக்கணும், போன எடத்துல மேக்க. ஒங்களுக்கு இது வீடு. நான் இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கேன்.”

இந்த மண்ணில் மூன்று பிள்ளை பெற்றுவிட்டாள். இன்றைக்கும் அவள் தலை மேற்கே, என் தலை கிழக்கே. பிள்ளைகள் மூன்றும் எங்கள் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து தூங்குகின்றன.