ரயில்வே கேட்டில் நின்ற ஊர்வலம்

எல்லப்பன் இறந்த செய்தி பள்ளிக்கூடத்துக்கே வந்தது. வகுப்பு வாசலில் கம்பி ஆலைச் சங்கத்துத் தாஸ் நின்றுகொண்டிருந்தார். "அண்ணன் பூட்டாரு டீச்சர். நெஞ்சு வலி" என்றார். கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அவர் சங்கத் தலைவர். எனக்கு முதலில் அவர் எதிரி. அறுபதுகளின் பிற்பகுதியில், ஒரு பொதுத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் அந்தக் கம்பி ஆலை மூடிக் கிடந்தது. தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டிருந்தார்கள். வியட்நாம் போருக்குப் போகிற முள்கம்பி ஆர்டர் கைவசம் இருக்கிறது, பழைய கூலிக்கே அதைச் செய்து கொடுத்தால் உடனே திறக்கிறேன் என்றார் முதலாளி. திருவள்ளூரில் ஆசிரியர்களும் வக்கீல்களும் மாணவர்களுமாகப் போர் எதிர்ப்புக் குழு நடத்திவந்த நாங்கள், முள்கம்பியே கூடாது என்று தட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனோம். பட்டினி கிடக்கிறவர்கள் சும்மா விடுவார்களா? ஒரு பெண் என் தட்டியைப் பிடுங்கி வீசினாள். அவள் கன்னியம்மா, எல்லப்பனின் மனைவி.

எல்லப்பன் அதை எடுத்து, மண்ணைத் தட்டி, நிதானமாக வாசித்தார். "எல்லாம் கீது. எங்க அடுப்பு எங்க கீது டீச்சர், இதுல?" என்று கேட்டார். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கம்பி வேலிக்குள் யாரை அடைக்கிறார்கள் தெரியுமா, கைக்குழந்தையோடு ஊர் ஊராக அடைக்கிறார்கள் என்று கத்தினேன். அது மாட்டுக்கொட்டகைக்கும் தோட்டத்துக்கும் போகிற கம்பி என்றே அவர் நினைத்திருந்தார். தட்டியை மறுபடி வாசித்தார். பிறகு அதை என் கையில் கொடுத்து, உட்காருங்கள் என்றார். அன்று சாயங்காலம் வரை சண்டை போட்டோம். அந்தச் சண்டையில்தான் எங்கள் கோரிக்கை பிறந்தது: ஆலையைத் திற, கூலியை உயர்த்து, முள்கம்பி வேண்டாம், ஆணி செய்கிறோம்.

தேர்தல் நேரத்தில் மைதானமெல்லாம் கட்சிக்காரர்கள் கையில். ஒரே ஓர் ஊர்வலத்துக்குத்தான் அனுமதி, அதுவும் எங்கும் நிற்காமல் போக வேண்டும் என்றது போலீஸ். சரி, சேர்ந்தே போவோம் என்றோம். அடுத்த நிமிடமே யார் முன்னால் போவது என்று தகராறு. சங்கத்துக்காரர்கள் விடவில்லை, எங்கள் வக்கீல்களும் விடவில்லை.

எல்லப்பன் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். சங்கத்தில் பாதிப் பேரும் அந்த ஏரிக்கரைக்காரர்கள்தான். அங்கே பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. மீன் நிறையக் கிடைக்கும் இடத்தில் இன்று ஒரு கூட்டம் வலை போட்டால், நாளை அடுத்த கூட்டம். முறை முடிந்தபின் எவ்வளவு பெரிய ஆளும் அங்கே வலையை இறக்க முடியாது. ஊர்வலத்துக்கும் பாடு வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரை சங்கம் முன்னால். கேட்டைத் தாண்டியதும் நாங்கள் முன்னால். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

அந்த ஊர்வலத்தைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஆரம்பாக்கத்திலிருந்தும் சோழவரத்திலிருந்தும் ஜனங்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். தார் ரோடே தெரியவில்லை. வியட்நாம் என்ற பெயரையே கேட்டிராத கிழவர்கள் எங்கள் கோஷத்தைப் போட்டார்கள். எங்கள் கல்லூரிப் பையன்கள் தொண்டை கிழியக் கூலி உயர்வு கேட்டார்கள்.

சங்கத்துக்காரர்கள் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் கேட் மூடிக்கொண்டது. நாங்கள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டோம். கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து வருகிறது. அந்தப் பக்கமோ, எங்கள் பாடு முடிந்துவிட்டது என்று அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நகரச் சொல்லிக் கத்துகிறார். ஒருத்தர் அசையவில்லை. நின்றால் அனுமதி ரத்து, அடி நிச்சயம் என்று தெரிந்தும் அசையவில்லை. ஏரிக்கரைக்காரர்களைத் தவிர யாருக்கு வரும் இந்தப் பிடிவாதம்?

அந்த நேரம் பார்த்து எதிரே வேட்பாளரின் ஜீப் வந்தது. இவ்வளவு பேரும் தனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து மனிதர் இறங்கிக் கும்பிட்டு, பேசவே ஆரம்பித்துவிட்டார். வேட்பாளரே இறங்கிவிட்டதால் இன்ஸ்பெக்டர் லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார். கேட் திறந்ததும் நாங்கள் விழுந்தடித்து ஓடினோம். நான் மூச்சு வாங்க முன்னால் போய் நின்றபோது, அந்த முள்கம்பி ஆர்டரை எடுத்தால் நாளைக்கே உங்களுக்கு வேலை, நான் பேசி முடிக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் உலை ஏறாதவர்களிடம் நாளைக்கே வேலை என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் எல்லப்பனைப் பார்த்தார்கள். எல்லப்பன் கன்னியம்மாவைப் பார்த்தார். அவள்தான் முதலில் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"வேல வேணும்ங்க. முள்ளு வேணாம். ஆணி அடிச்சிக் குடுக்கறோம், அத்த வாங்க ஆளப் பாருங்க" என்றார் எல்லப்பன்.

எழுந்த சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு சத்தத்தை அதன்பின் நான் கேட்டதில்லை. வேட்பாளர், ஆணிக்கே ஆள் பார்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். மற்றக் கட்சிக்காரர்களும் அந்த வாரமே ஓடிவந்து அதே வாக்கைக் கொடுத்தார்கள். ஓட்டுப் போடும் நாளுக்கு முன்பே ஆலை திறந்தது. கேட்ட கூலியில் பாதி கிடைத்தது. ஆணிதான் செய்தார்கள். நாங்கள் குதூகலித்தபோது எல்லப்பன் மட்டும், "நம்ம கையால இல்ல, அவ்ளோதான். எவன் கையாலயோ முள்ளு முறுக்கிக்கினுதான் கீது" என்றார். அதனால் போர் முடியும் வரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார்.

என்னிடம் அவர் விட்டுச்சென்றது அந்த நிற்றல்தான். நம் முறை முடிந்ததும் நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடுவது. அவர்கள் வந்து சேரும்வரை, யார் விரட்டினாலும் நகராமல் இருப்பது.

அவர் இறுதி ஊர்வலத்தில் சங்கத்துக்காரர்கள் பாடை தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம், நானும் நின்றேன். ஆனால் பாடையும் நின்றது. தாஸ் உட்பட யாரும் ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. கன்னியம்மா வந்து என் கையைப் பிடித்தாள்.

"இன்னா டீச்சர், நின்னுக்கினு கீறீங்க? அவுங்க பாடு முடிஞ்சிச்சி. முன்னால வாங்க."

நாங்கள் இருவரும் முன்னால் போனோம். பிறகுதான் பாடை நகர்ந்தது.