டிக்கெட் பின்னாடி

சாந்தோமிலிருந்து மவுண்ட் ரோடுக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில், டிராமில் நான் பேசிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "பின்னாடி."

மதராஸ் டிராமில் அப்போது பெண்கள் முன் பெஞ்சில் உட்காருவோம். ஆண்கள் எல்லாரும் பின்னால். கூட வந்த ஆண்தான் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்குவது வழக்கம். கண்டக்டர் வந்து நின்றால் பெண் வாயைத் திறக்கக்கூட வேண்டாம், முகவாயைப் பின்பக்கம் ஆட்டினால் போதும். அவரும் யார், எவர் என்று கேட்க மாட்டார். புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்.

சண்டைக் காலம். ஆண்கள் பாதிப் பேர் பட்டாளத்துக்கும் ரேஷன் ஆபீசுகளுக்கும் போய்விட்டதால், மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கப் பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் நான் உள்ளே நுழைந்தேன். அப்பா ரிட்டையரான வாத்தியார். எங்கள் மாதா கோவில் பங்கில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். பெண்ணை வேலைக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை. பென்ஷன் போதாமல் சம்மதித்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. "அண்ணனோட போகணும், அண்ணனோட வரணும். தெருவுல உன்னப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சோ, அன்னிக்கே வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்துக்கணும்."

வீட்டில் உட்காருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு உட்கார்ந்து பார்த்தவள்தானே. அடுப்படி ஜன்னல் கம்பியில் எந்த இடத்தில் துரு ஏறியிருக்கிறது என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான் எனக்கு மூச்சு முழுசாக வரும். அது போய்விட்டால் நான் செத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கும் மவுண்ட் ரோடில்தான் வேலை, ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன். காலையில் கச்சேரி ரோடு வழியாக லஸ் வரை அவன் முன்னால் குடையோடு நடப்பான், நான் பின்னால் நடப்பேன். டிராமில் நான் முன் பெஞ்ச், அவன் பின் பெஞ்ச். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் முகம்தான். சம்பளக் கவர் பிரிக்காமல் அவன் கைக்குப் போகும். என் டிராம் செலவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்பாவிடம் கொடுப்பான். என் கையில் ஒரு தம்பிடி தங்காது. ஒருநாள் கேட்டதற்கு, "உனக்கெதுக்குடி காசு? நான்தான் கூட வரேனே" என்றான். எனக்கு மூக்கின் மேல் கோபம். ஆனால் அந்த வீட்டில் கோபத்தை எல்லாம் அம்மிக்கல்லிடம்தான் காட்ட முடியும்.

அன்று சாயங்காலம் டிராமில் நல்ல கூட்டம். என் பக்கத்தில் ஒரு பூக்காரம்மா, மடியில் கூடையை வைத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தாள். கண்டக்டர் வந்தார். தினமும் பார்க்கிற ஆள்தான். "பின்னாடி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ராயப்பேட்டையில் செக்கர் ஏறினார். காக்கிச் சட்டை, கையில் டிக்கெட் கிழிக்கிற கத்தரி மாதிரி ஒன்று. பூக்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் டிக்கெட்டைக் காட்டினாள். என் பக்கம் திரும்பினார். நான் வழக்கம்போல முகவாயை ஆட்டி, "பின்னாடி" என்றேன்.

"பின்னாடின்னா யாரு?"

இப்படி ஒருத்தர் கேட்டு நான் கேட்டதே இல்லை. "அண்ணன்" என்றேன்.

"எந்த அண்ணன்? காட்டும்மா. இப்பல்லாம் லேடீசுங்க பின்னாடி பின்னாடின்னு சொல்லிக்கினு ஓசியில வராங்கோ. பின்னாடி போய்ப் பாத்தா ஒருத்தனும் இல்ல."

முதுகு முழுக்கச் சுட்டது. திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஓரமாக, குடையை முழங்காலுக்கு நடுவில் நட்டுக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். அப்பாடா என்று விரலை நீட்டினேன். "அதோ, குடை வச்சிருக்காரே."

செக்கர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவனிடம் போனார். அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு டிக்கெட்டை எடுத்தான். ஒன்றே ஒன்று. செக்கர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். நன்றாக, கண்ணுக்கு நேராகப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முன்னால் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான்:

"நான் தனியா வரேன் சார். அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

சேசுவே! முதலில், விளையாடுகிறானோ என்றுகூட நினைத்தேன். அண்ணன் விளையாடுகிற ஆள் இல்லை. அப்புறம்தான் அந்த ஒற்றை டிக்கெட் புத்தியில் உறைத்தது. இன்றைக்கு மறந்துபோய் ஒன்று வாங்கியிருந்தால், "அடடா, தங்கச்சிக்கு வாங்கலியே" என்று காசை நீட்டியிருப்பான். தங்கச்சி என்று ஒப்புக்கொண்டால் தினமும் ஒன்றுதான் வாங்குகிறான் என்பது வெளியே வந்துவிடும், அதனால் அவனால் அது முடியவில்லை. பையிலிருந்து ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் காசு எடுத்துப் பழகிய கை அது. இத்தனை காலமும் என் டிராம் செலவென்று அவன் எடுத்துக்கொண்ட காசுக்கு டிக்கெட்டே வாங்கியதில்லை. நான் தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை, தலையை நிமிர்த்திக்கொண்டு ஓசியில் பயணம் செய்திருக்கிறேன்.

கண்டக்டரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைத் தினமும் பார்க்கிற மனுஷன். ஆனால் அவர் வாயைத் திறந்தால், 'அப்போ இவருக்கு ஏன் ஒரு டிக்கெட் மட்டும் குடுத்தே?' என்று செக்கர் அவர் கழுத்தைப் பிடிப்பார். அவர் குனிந்து பையிலிருந்த சில்லறையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

நான் கத்தியிருக்கலாம். 'பொய் சொல்றான், அவன் என் கூடப்பிறந்தவன்' என்று. தொண்டை வரை வந்தது. வந்தால் என்ன ஆகும்? டிராம் முழுக்கச் சிரிக்கும், அவனை இறக்குவார்கள், லஸ்ஸுக்கு வந்து சேர்வதற்குள் விஷயம் கோவில் வாசல் வரை போய்விடும். தெருவில் ஒரு பேச்சு. அப்பா சொன்ன அந்த ஒரு பேச்சு. நாளையிலிருந்து எனக்கு அடுப்படி ஜன்னல். அண்ணன் இதையெல்லாம் யோசித்துத்தான் அப்படி நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவி! நான் வாயைத் திறக்க மாட்டேன் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"இன்னாம்மா, அவரு தெரியாதுன்றாரு. துட்டு கீதா?" என்றார் செக்கர்.

"இல்லை."

"ஊடு எங்க? அப்பா பேரு இன்னா?"

பூக்காரம்மாதான் பொறுக்கமாட்டாமல் சீறினாள். "இன்னா நைனா நீ, வயசுப் பொண்ண நிக்க வெச்சிக்கினு ஊரு பேருன்னு கேட்டுக்கினு கீற? எறக்கி வுட்டுட்டுப் போவியா!"

அவள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள். செக்கருக்கும் அது சரியாகப் பட்டது. மணிக்கயிற்றை இழுத்தார். இத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் புடவையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டிராம் என்னைத் தாண்டிப் போனபோது கடைசி ஜன்னலில் அந்தக் குடைக்காம்பு தெரிந்தது.

ராயப்பேட்டையிலிருந்து சாந்தோம் வரை நடந்தேன். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே லஸ் வரை, அங்கிருந்து கச்சேரி ரோடு. தெருவில் தனியாக அவ்வளவு தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை. பயம் எல்லாம் இல்லை. அழுகையும் வரவில்லை. அவனை என்ன செய்யலாம் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன், ஒன்றும் செய்ய முடியாது என்றும் கூடவே தெரிந்தது.

வீட்டு வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தான். நான் படியேறுவதற்குள் அப்பா காதில் விழுகிற மாதிரி சத்தம் போட்டான். "எங்கடி போய்ச் சுத்திட்டு வரே? டிராம் பூராத் தேடினேன்!"

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்னம்மா ஆச்சு? அண்ணன விட்டுட்டு எப்படி வந்தே?"

எனக்கு இருந்தது இரண்டே வழி. உண்மையைச் சொன்னால், 'அந்த டிராமும் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம்' என்பார். பொய் சொன்னால் குற்றவாளி நான். "கூட்டத்துல தெரியாம முன்னாடியே இறங்கிட்டேம்பா" என்றேன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, அவ்வளவுதான்" என்றார் அப்பா. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

பரிமாறும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏண்ணா அப்படிச் சொன்னே?"

"அந்தக் கடன்காரன் ஏறுவான்னு யாருக்குத் தெரியும்? ஊர்ல சில்லறைக்குப் பஞ்சமா இருக்கு. பொம்பளைய எவன் டிக்கெட் கேக்கப்போறான்னு இருந்தேன்."

"இத்தனை நாளுமா?"

"அப்பாகிட்ட வேணும்னா சொல்லிப் பாரேன். நாளைலேருந்து நீதான் வீட்ல இருப்பே." தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினான். "குழம்பு ஊத்து."

ஊற்றினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கரண்டியை அவன் தலையில் போடாமல் விட்டோமே என்று இருக்கிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நாள். அந்தோணியார் உண்டியலில் போடுவதற்காக அம்மா இருந்தபோதிருந்தே மாடத்தில், மாதா படத்துக்குக் கீழே, காசு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். விளிம்பு நெளிந்த ஓரணா ஒன்று இருந்தது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். காணாமல் போன பொருளை மீட்டுக்கொடுக்கிறவர் அந்தோணியார், இதற்குக் கோபிக்க மாட்டார்.

லஸ்ஸில் ஏறினோம். நான் முன் பெஞ்ச். அவன் கடைசி பெஞ்ச், அதே ஓரம். அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. மனுஷனுக்கு வெட்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முகவாயைப் பின்பக்கம் ஆட்டி, "பின்னாடி தானேம்மா?" என்றார்.

தலையாட்டினால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும். அவன் ஒரு டிக்கெட் வாங்குவான், நான் ஓசியில் போவேன், என்றைக்காவது செக்கர் ஏறினால் மறுபடி நான் நடுத்தெருவில்.

"பின்னாடி எனக்கு யாரும் இல்ல," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிசாக வந்துவிட்டது. "எனக்கு ஒரு டிக்கெட் குடுங்க."

முடிச்சை அவிழ்த்து ஓரணாவை நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்து ஓட்டை போட்டுக் கொடுத்தார். மெல்லிசுக் காகிதம். இவ்வளவு காலம் டிராமில் போயும் அதை நான் தொட்டது அன்றைக்குத்தான்.

அண்ணன் எழுந்து வந்துவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னடி இது புதுசா? வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்றான்.

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். நேற்று அவன் என்னைப் பார்த்தானே, அதே மாதிரி, கண்ணுக்கு நேராக.

"யாருங்க நீங்க?" என்றேன்.

டிராமே திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த அம்மாள் புடவையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். பின்னாலிருந்து எவனோ, "லேடீஸ் பெஞ்சாண்ட இன்னா வேல அந்தாளுக்கு?" என்றான். அண்ணன் கம்பியை விட்டான். என் தங்கச்சி என்று சொன்னால் கண்டக்டர் அங்கேயே நிற்கிறார், நேற்று தெரியாது என்று சொன்னதைக் காதால் கேட்டவர். கண்டக்டர் அவன் தோளைத் தொட்டார். "போ சார், பின்னாடி போய்க் குந்து."

போய் உட்கார்ந்தான். நான் மவுண்ட் ரோடு வரை திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது பார்த்தால், டிக்கெட் உள்ளங்கை வேர்வையில் ஊறிக் கிழிந்திருந்தது.

அப்பாவிடம் அவன் எதையும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். சம்பளம் வரும் வரை டிக்கெட்டுக்கு ஆபீசில் கைமாற்று வாங்கி ஓட்டினேன். அடுத்த சம்பளத்தில் கவரைப் பிரித்து டிராம் காசை நானே எடுத்துக்கொண்டு கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டான்.

அதற்காக நான் விடுதலையாகிவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் ஆபீஸ் வாசலில் அவன் குடையோடு நின்றுகொண்டிருந்தான். எனக்குக் கலியாணம் ஆகிற வரைக்கும் நின்றான். வாசலில் அண்ணன், தெருவில் அண்ணன், வீட்டில் அண்ணன். அவன் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். ஆனால் லஸ்ஸிலிருந்து மவுண்ட் ரோடு வரை, டிராமுக்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம், அவன் யாரென்று எனக்குத் தெரியாது.