கை தூக்க ஒரு ஆள்

போன வாரம் நாகல் நகரில் ஒரு கல்யாணம். எதிர்வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைத்திருந்தார்கள். வைத்ததை அவர்களே மறந்திருப்பார்கள், நான் மறக்கவில்லை. எனக்கு வேறு வேலை என்ன? பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். பந்திக்கூடத்து வாசலில் குடும்பம் குடும்பமாகப் புகுந்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன். பந்தி பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளேயிருந்து கூவினார்.

"ஒத்த எல ஒண்ணு கெடக்கு! தனியாளு யாராச்சும் இருக்கீகளா?"

நான் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் சிரிப்பு வந்தது. என்னுடைய பொது வாழ்க்கை, அப்படி ஒன்று எனக்கு இருந்ததாகச் சொல்லிக்கொள்ளலாமென்றால், தொடங்கியதும் இப்படித்தான். குறைந்த இடத்தை நிரப்பத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். வீட்டுக்காரர் வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி வைத்திருந்தார். சின்ன வெங்காய வாடை எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஊறியிருக்கும். சட்டையைத் துவைத்தாலும் போகாது, சாம்பிராணி போட்டாலும் போகாது. இரண்டு வீடு தள்ளி நூர்ஜஹான் அக்கா. அவர்கள் வீட்டில் தோல் வியாபாரம். "எங்க வீட்ல தோல் வாடை, ஒங்க வீட்ல வெங்காய வாடை. நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்தா பேச்சுக்கு நடுவுல ஒருத்தி வரமாட்டா" என்பார். அந்தத் தெருவில் என்னோடு சிரித்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூச்சிரைக்க வந்து என் மாமியார் முன்னால் நின்றார்.

"பெரியம்மா, ஒங்க மருமகளச் செத்த நேரம் குடுங்க. பத்திரமாக் கொண்டாந்து விட்டுர்றேன்."

"என்னமோ ஒரு டம்ளர் சீனி கேக்குற மாதிரி கேக்குற? எங்க கூட்டிட்டுப் போற?"

"மாதர் சங்கத்துக்கு. ஆளு ஒண்ணு கொறையுது."

"இவ எட்டாப்புதான படிச்சிருக்கா. அங்க வந்து என்னத்தப் பேசப் போறா?"

"பேச வேணாம் பெரியம்மா. கையத் தூக்குனாப் போதும்."

அந்தச் சங்கம் எனக்கு ரொம்ப முந்தியது. யாரோ அதிகாரிகளின் மனைவிமார்கள் சேர்ந்து ஆரம்பித்தது என்பார்கள். கண் சிகிச்சை முகாம் நடத்துவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பது, தையல் சொல்லிக்கொடுப்பது என்று அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதான் கூட்ட நாள். சங்க விதிகளில் ஒன்று, ஏழு பேர் கூடினால்தான் கூட்டம். ஆறு பேர் என்ன முடிவெடுத்தாலும் செல்லாது. தலைவராக இருந்த டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த விதியை இம்மி பிசகவிட மாட்டார். அன்றைக்கு ஒரு பெரியவர் தன்னுடைய பழைய வீட்டு முன்கூடத்தைச் சங்கத்துக்கு வாடகையில்லாமல் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டுத் தோல் ஷெட்டுக்கும் வெங்காயப் பேட்டைக்கும் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளைச் சாயங்காலம் உட்காரவைத்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தயார்படுத்த அந்தக் கூடம். அவர் சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறார், அதற்குள் பதில் வேண்டும். அங்கே ஆறு பேர் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஆளாக நான் போய்ச் சேர்ந்தேன்.

என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு கை. கூடத்தை ஏற்றுக்கொள்வதற்கு ஒரு கை. நான் எல்லாவற்றுக்கும் பளிச் பளிச்சென்று தூக்கினேன். கடைசியில் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார். அதற்கும் தூக்கிவிட்டேன்.

நூர்ஜஹான் அக்கா என் இடுப்பில் கிள்ளினார். ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்திருந்த பொன்னுத்தாயி, காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "சொல்லும்மா. என்ன ஆட்சேபணை?"

என்ன சொல்வது? தெரியாமல் தூக்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம். வாயில் வந்ததைச் சொன்னேன். "இல்ல டீச்சர்... வகுப்பு முடியுறதுக்குள்ள இருட்டிருமே. புள்ளைக எப்படி வீட்டுக்குப் போகும்? நானா இருந்தா எங்க வீட்ல விடமாட்டாக."

பொன்னுத்தாயி சிரிப்பை நிறுத்தினார். பிறகு டீச்சர் மெதுவாக, "நாமே கொண்டுபோய் விடுவோம்" என்றார். அதற்கும் எல்லாரும் கை தூக்கினார்கள். இந்தத் தடவை நான் கேட்டுவிட்டுத்தான் தூக்கினேன்.

அப்படித்தான் எங்களுடைய நடை ஆரம்பித்தது. வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு தெருவாகப் பிரித்துக்கொண்டு பிள்ளைகளை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவோம். நாங்கள் கூட வருகிறோம் என்றதால்தான் பல வீடுகளில் அனுப்பவே செய்தார்கள். ஏலக்காய் டீ மணக்கும் தெரு ஒன்று, நாய் குரைக்கும் சந்து ஒன்று. நடந்துகொண்டே பிள்ளைகள் பாடத்தை ஒப்பிக்கும். எனக்கு இரத்த ஓட்டமும் பானிப்பட்டும் அந்தத் தெருக்களில் காதால் கேட்டுப் படித்தவைதான். இன்றைக்கும் இதயத்தின் நான்கு அறைகளைச் சொல்லச் சொன்னால், எந்த வீட்டு வாசலில் எந்த அறை வந்தது என்றுதான் எனக்கு ஞாபகம் வரும்.

ஏழு பேர் விதி இருந்ததே, அது எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா! ஒருத்தி வராவிட்டால் எல்லாரும் கிளம்பிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை பொன்னுத்தாயி வரவில்லையென்று பஸ் ஏறி ரெட்டியார்சத்திரத்துக்கே போய்விட்டோம். அவரைக்காய்த் தோட்டத்தில் நின்றுகொண்டு, "விடிஞ்சா மார்க்கெட்டுக்குப் போகணும், காய் முத்திரும். நான் வரல" என்றார். அப்படியானால் கூட்டம் இங்கேயே என்று டீச்சர் வரப்பில் குடையோடு நின்றுவிட்டார்.

"தீர்மானம் போடுறவுக போடுங்க. கை சும்மாத்தான இருக்கு, அப்படியே ஆளுக்கு ஒரு பாத்தி பறிங்க" என்றார் பொன்னுத்தாயி.

பறித்தோம். அந்த வருஷத்துக் கண் முகாம் முடிவானது அவரைப் பந்தலுக்கடியில்தான். டீச்சரும் பறித்தார், பிஞ்சாகப் பார்த்துப் பறித்துத் திட்டு வாங்கினார்.

என்னையும் ஒருமுறை பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோன சமயம். மகனைத் திரும்பக் கல்லூரி விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கதவு தடதடவென்று இடிபட்டது. ஆறு பேரும் வாசலில்.

"நான் இனிமே எங்கயும் வரலக்கா" என்றேன்.

"அழுவுறத அங்க வந்து அழுவுடி. ஆறு பேரா ஒக்காந்து நாங்க என்னத்தப் பண்றது?" என்றார் நூர்ஜஹான் அக்கா.

அவர்கள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகத்தைக் கழுவிவிட்டார்கள், புடவையை மாற்றச் சொன்னார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து அழுதேன். எந்த விஷயத்துக்கு என்று தெரியாமலே நடுநடுவே கையும் தூக்கினேன். அன்று சாயங்காலம் நாய் குரைக்கும் சந்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

பிறகு காலம் நல்லபடியாகவே மாறியது. அதைக் குறை சொல்ல முடியாது. பெண்பிள்ளைகள் பாதியில் நிற்பது குறைந்தது. வகுப்புக்கு வருகிறவர்கள் நாலு பேர், மூன்று பேர் என்றானார்கள். வந்தவர்களும் ஸ்கூட்டியில் வந்தார்கள். "ஆன்ட்டி, ஒங்கள நான் வீட்ல எறக்கி விடவா?" என்று கேட்டார்கள். கூடத்தைக் கொடுத்த பெரியவரின் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். சங்கத்தில் நடுவே சேர்ந்தவர்களும் உண்டு, ஆனால் சிலர் இறந்தார்கள், சிலர் பிள்ளைகளோடு வெளியூர் போனார்கள், மறுபடியும் ஏழு பேர்தான் மிஞ்சினோம். சரி, மரியாதையாகச் சங்கத்தைக் கலைத்துவிடுவோம் என்று டீச்சர் தம் வீட்டில் கடைசிக் கூட்டம் போட்டார். கலைப்பதற்கும் ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் வந்தோம். ஏழாவது ஆள் நத்தத்தில் மகள் வீட்டிலிருந்து போன் செய்து, பேரனுக்குக் காய்ச்சல், வர முடியாது என்றுவிட்டார்.

"எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடையில ஒரு புள்ள இருக்கே. அதப் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று பொன்னுத்தாயி முட்டி வலியோடு எழுந்து போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொல்லுச்சு?"

"கடைய விட்டு வர முடியாதாம். வாட்ஸ்அப்புல அனுப்புங்க, கட்டைவெரலப் போட்டு விட்டுர்றேங்குது."

டீச்சர் அன்றைக்குச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இருட்டும்வரை உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைந்தோம். சங்கம் கலையவில்லை. விதிப்படி அது இன்னும் இருக்கிறது.

டீச்சர் மறு வருஷம் காலமாகிவிட்டார். பொன்னுத்தாயிக்கு இப்போது பஸ் ஏற முடிவதில்லை. நூர்ஜஹான் அக்காவை மகன் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எப்போதாவது போனில் பேசுவார். "லிப்ட்ல எல்லாரும் சிரிக்கிறாங்கடி. எந்த வீடுன்னு ஒருத்தி கேக்கல" என்றார் ஒருமுறை. நான் இங்கே கீழ்வீட்டில் இருக்கிறேன், எனக்கு லிப்ட் இல்லை, மற்றபடி அதே கதைதான் என்றேன்.

போன மாசம் எனக்குக் கடுமையான காய்ச்சல். மகன் ஓசூரில் இருக்கிறான், சொன்னால் பதறுவான் என்று சொல்லவில்லை. கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தே கிடந்தேன். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமையும் வந்துபோனது. தேறியதும் தெருவுக்கு வந்தேன். பால்காரர் வணக்கம் சொன்னார். எதிர்வீட்டம்மா கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்து, "என்ன, ஊருக்குப் போயிருந்தீகளா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

படுத்துக் கிடந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் எந்தக் காரியமும் நான் வரவில்லையென்று நின்றுபோயிருக்கவில்லை.