பனிக்குத் தோண்டிய குழி

என் கணவருக்கு ஒரு குணம் உண்டு. அச்சில் எது வந்தாலும் நம்பிவிடுவார். மாத்திரையோடு வரும் தாளைக்கூட வரி விடாமல் வாசித்த பிறகுதான் தண்ணீர் கேட்பார். அந்தக் குணத்தோடு ஷார்ஜாவில் எங்கள் வாடகை வில்லாவின் முற்றத்தில் ஊஞ்சல் போடக் கிளம்பினார்.

ஊஞ்சல் கேட்டது என் அப்பா. அம்மா போன பிறகு திருச்சி வீட்டில் தனியாக இருந்தார். ஒவ்வொரு முறை போனிலும் "வாங்கப்பா" என்று கெஞ்சுவேன். "அங்க வந்து பொட்டிக்குள்ள உக்காந்து என்ன பண்றது? ஊஞ்சல் உண்டா?" என்பார். மத்தியானம் ஊஞ்சலில் உட்காராவிட்டால் அவருக்குச் சாப்பிட்டதே செரிக்காது. ஆனாலும் அது சாக்கு என்று எனக்குத் தெரியும். சாக்கைப் பிடுங்கிவிட்டால் வந்துதானே ஆக வேண்டும்? எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் மாட்ட வழியில்லை. கூரை ஜிப்சம் போர்டு. பல்லி கொஞ்சம் குண்டாக இருந்தாலே பயமாக இருக்கும். அப்போதுதான் நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு கனடாக்காரக் குடும்பம், பிரிக்காத மர ஊஞ்சல் சட்டம் ஒன்றை விற்றது. பெட்டிக்குள் ஒரு கையேடு. கால்களை நான்கடி ஆழத்தில் நட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

"எதுக்குங்க நாலடி?"

"குளிர்காலத்துல மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு உப்பும். மேலோட்டமா நட்டா காலையே மேல தூக்கிடும். அதான், உறையற ஆழத்துக்கும் கீழ போகணும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அக்டோபர் மாதம். காலை பத்து மணிக்கே கையில் துணி சுற்றித்தான் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தோம். குழாயில் வெந்நீர்தான் வரும்.

"இங்கயா உறையப் போகுது?"

"போட்டிருக்கான்ல."



ஆபீஸில் கணக்குப் பார்க்கிற மனிதர், சனிக்கிழமை மண்வெட்டியோடு இறங்கினார். நடைக்கல்லைப் பெயர்த்தால் கீழே வெறும் மணல். ஒரு கூடை அள்ளினால் இரண்டு கூடை சரிந்தது. மாலைக்குள் குழி ஆழமாகவில்லை, அகலமாகியிருந்தது. எதிர்வீட்டு மலையாளி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சாரே, எண்ண கிட்டியோ?" என்று, எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவரிடம் விசாரிப்பதுபோல் கேட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சிரித்துவிட்டேன்.

மணல் வீட்டுக்குள்ளும் வந்தது. சோபாவில், தலையணையில், கடைசியில் தோசை மாவில். ஞாயிறு காலை தோசையைக் கடித்ததும் பல் நறநறத்தது, என் பொறுமையும் போனது. ஹோஸைத் திறந்து முற்றம் முழுக்க அடித்துத் தள்ளினேன், குழி உட்பட. கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் குழிக்குள் இறங்கி ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். ஈர மணல் சரியாமல் நின்றது.

"இன்னும் கொஞ்சம் அடி" என்றார்.

என் கோபத்தை இப்படி யாரும் பயன்படுத்திக்கொண்டதில்லை. அதன் பிறகு நான் நனைக்க, அவர் தோண்ட, நான்கு குழிகளும் நாலடிக்கு இறங்கின. கால்களை நட்டுக் கான்கிரீட் ஊற்றிய அன்று, "இனி எந்தப் பனி வந்தாலும் அசையாது" என்று சொல்லிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

சாக்கு தீர்ந்தது. அப்பா வந்தார், மூன்று வாரத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட்டோடு. அவர் பெட்டியைக் காரில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"என்னப்பா, அம்மிக்கல்லா?"

"புளி, மிளகாப்பொடி" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் முற்றத்துக்குப் போனார். ஊஞ்சல் சட்டத்தோடு வந்த நைலான் கயிற்றில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடவேயில்லை. மரக்காலைப் பிடித்து ஆட்டினார். தோள் கொடுத்துத் தள்ளினார். சட்டம் லேசாக முனகினால் போதும், மூன்றாவது வாரம் நடையைக் கட்டிவிடுவார். அது முனகவில்லை.

"எவ்வளவு ஆழம் மாப்ள?"

"நாலடி மாமா."

"அவ்வளவு எதுக்கு?"

கையேட்டை அப்படியே ஒப்பிக்க என் கணவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நீங்க ரொம்ப நாள் உக்காந்து ஆடணும்னுதாம்பா."

அப்பா உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் பழைய வேட்டி மூட்டை ஒன்றைத் தூக்கி வந்தார். தரையில் வைத்துப் பிரித்தார். திருச்சி வீட்டு ஊஞ்சல் சங்கிலி, நான்கு சரமும்.

"அங்க கழட்டிட்டு வந்துட்டேன்" என்றார். "எதிர்ல உக்காந்து பேச யாரு இருக்கா அந்த வீட்டுல?"

அவர் நைலான் கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏணி இருக்கா மாப்ள?"