ராகு காலத்து வெந்நீர்

"ஊரெல்லாம் வெயில் கொட்டறது. நம்மாத்துக் குளத்துக்கு மட்டும் அதுக்கு வழி தெரியலை!"

காலைக் காபியோடு ஒரு தடவை, பூஜை முடிந்ததும் ஒரு தடவை, பக்கத்து வீட்டு ஜெயராம் மதிலுக்கு மேல் தலையை நீட்டினால் ஸ்பெஷலாக இன்னொரு தடவை. அந்த மார்கழியில் மயிலாப்பூர் சந்திரமௌலி மாமா சுப்ரபாதத்தை மறந்தாலும் மறப்பார், இதைச் சொல்ல மறந்ததில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவிலிருந்து ரிடையர் ஆனவர். யார் வீடு எரிந்தாலும் தப்பு வீட்டுக்காரன் மேல்தான் என்று நிரூபிப்பதில் மன்னன். அப்பேர்ப்பட்டவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. புது முட்டி வந்தது, மடங்கத்தான் மாட்டேன் என்றது.

"வெதுவெதுப்பான தண்ணியில தினம் நடங்க சார். பொங்கல் கழிச்சும் மடங்கலைன்னா, மயக்க மருந்து குடுத்து நானே மடக்கிடறேன்" என்றார் டாக்டர், ஏதோ ஈசிசேரை மடக்குகிற மாதிரி. அன்றிலிருந்து சூடாமணி மாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊரையே அதட்டுகிற மனுஷர், பொங்கல் பேச்சு வந்தால் மட்டும் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் பயந்து மாமி பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியிலேயே வெந்நீர்த் தொட்டி இருந்தது. "முன்னேபின்னே தெரியாதவாளோட டிராயரைப் போட்டுண்டு நிக்கச் சொல்றியா?" என்றார் மாமா. ஆகவே ரெடிமேட் ஃபைபர் நீச்சல் குளம் ஒன்று கிரேனில் தொங்கியபடி மதில் தாண்டிக் கொல்லையில் இறங்கியது. அதைச் சூடாக்க மொட்டை மாடியில் கறுப்பு ரப்பர் ஷீட் விரித்தான் சைதாப்பேட்டை யாசிர். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், ஷீட்டுக்குள் ஓடி வெயிலில் சூடாகிக் குளத்துக்கே திரும்பும்.

"மே மாசம் வரைக்கும் பொறுத்துண்டா கார்ப்பரேஷன் குழாயிலேயே வெந்நீர் வருமேய்யா!" என்றார் ஜெயராம்.

மோட்டாரைத் தானியங்கியாக வைக்கலாம் என்றான் யாசிர். "மெஷினுக்கு நாள் கிழமை தெரியுமோ?" என்று கேட்டு, கொல்லைத் தூணில் சிவப்பு லைட்டோடு ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொண்டார் மாமா. ராகு காலமா, நிறுத்து. எமகண்டமா, நிறுத்து. விடியற்காலை பிரம்ம முகூர்த்தமா, ஓட்டு! பிறகு கட்டைவிரலைத் தண்ணீரில் வைப்பார், ஷாக் அடித்த மாதிரி இழுத்துக்கொள்வார், யாசிருக்குப் போன் போடுவார்.

"இன்னா சார் இது? ஷீட்டு தோசைக்கல்லு மாதிரி கீது, தண்ணி ஜில் மோர் மாதிரி கீது!"

"அதையேதான் நானும் கேக்கறேன்! உன் ஷீட்டு டூப்ளிகேட்!"

யாசிர் குழாயை மாற்றினான். குளம் மாறவில்லை.

மாடியில் துணி உலர்த்தப் போன மாமிக்குத்தான் பொறி தட்டியது. வெள்ளிக்கிழமை, சுள்ளென்று வெயில். அந்த நேரம் பார்த்து ஷீட்டுக்குள் சலசலப்பு அடங்கியது; கீழே ராகு காலத்துக்காக மாமா மோட்டாரை நிறுத்தியிருந்தார். விடியற்காலையிலோ, ஷீட் மேல் பனி சொட்டிக்கொண்டிருக்க, அது உற்சாகமாக ஓடியிருந்தது.

"ஏன்னா, வெயில் அடிக்கறச்சே நிறுத்தறேள், பனி கொட்டறச்சே ஓட்டறேள். இருக்கற கொஞ்ச சூடும் மாடிக்குப் போய் ஆறிண்டு வரது. இது சோலார் இல்லை, ஃப்ரிட்ஜ்!"

"ராகு சூரியனையே முழுங்கறவன்டி. அவன் நேரத்துல சூரியன்கிட்ட வேலை வாங்கினா விளங்குமா?"

மாமி வாதாடவில்லை. கிளெய்ம் பிரிவோடு வாதாடி ஜெயித்தவர் யார்? மத்தியானம் மாமா குறட்டை விட ஆரம்பித்ததும் யாசிரை வரவழைத்தாள்.

"ஸ்விட்ச்ச கயட்டிடட்டா மாமி?"

"ஐயையோ, வேண்டாம்டாப்பா. அது இல்லேன்னா மனுஷர் கையை எங்கே வெச்சுப்பார்? அவருக்கு சிவப்பு லைட்டு மட்டும் எரியட்டும். மோட்டார் வெயிலைப் பாத்துண்டு தானா ஓடட்டும்."

"சாருக்கு டம்மி பீஸா! செம கேடி மாமி நீங்க!"

மாமா வழக்கம்போலப் பஞ்சாங்கம் பார்த்து லைட்டைப் போட்டார், அணைத்தார். குளம் வெதுவெதுத்தது. "பாத்தியா, காலம் பாத்து ஓட்டினா ரப்பர்கூடச் சொன்ன பேச்சு கேக்கும்!" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் பறந்தது. தினமும் தண்ணீரில் நடந்தார். மாமி முட்டியை மட்டும் கவனித்தாள்.

பொங்கலுக்கு முந்தின புதன்கிழமை. ராகு காலம் வரப்போகிறதென்று ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குளத்தில் இறங்கியவர், சுகத்தில் ஏற மறந்து உள்படியில் உட்கார்ந்துவிட்டார். முதுகில் குழாய்த் தண்ணீர் இதமாக ஒத்தடம் கொடுத்தது. கண்ணைத் திறந்தார். தூணில் விளக்கு எரியவில்லை.

"சூடா! மோட்டார் ஓடறதே! யார் போட்டா?"

"சூரியன்தான். உங்க ஸ்விட்ச் வெறும் லைட்டுக்கு. இத்தனை நாளா ராகு காலம், எமகண்டம் ஒண்ணு விடாமத்தான் ஓடறது. கோச்சுக்கறதுக்கு முன்னாடி முட்டியைப் பாருங்கோ."

பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அழகாக மடங்கியிருந்தது. இனி டாக்டர் மடக்குவதற்கு ஈசிசேர்தான் பாக்கி. மாமாவின் முகத்தில் ஏதோ இளகியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சரியாக அப்போது ஜெயராமின் தலை மதிலுக்கு மேல் உதித்தது. "என்ன மௌலி, ராகு காலத்துல ஜலக்கிரீடையா?"

மாமாவுக்குள் கிளெய்ம் பிரிவு விழித்துக்கொண்டது.

"ஓய், ராகு காலத்துல புதுசா ஒண்ணை ஆரம்பிக்கப்படாதுன்னுதான் சாஸ்திரம், ஆரம்பிச்சதை நிறுத்தணும்னு எங்கேயும் கிடையாது! நான் இறங்கினது குளிகைல. குளிகைல பண்ணினது திரும்பத் திரும்ப நடக்கும், அதனால நாளைக்கும் இறங்குவேன். மோட்டாரை ஓட விட்டது இவ, தோஷம் இருந்தா அது இவ கணக்கு. சூடா, சாதத்தை இங்கேயே கொண்டு வா!"